கையுறை போடாத மிக்கி: 'ஸ்டீம்போட் வில்லி'யில் எது பொது, எது இன்னும் டிஸ்னியுடையது?

2024 ஜனவரி 1 அன்று "மிக்கி மவுஸ் இனி எல்லோருக்கும் சொந்தம்" என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. மிக்கி முகமூடி போட்ட கொலைகாரன் வரும் திகில் படம் ஒன்றின் முன்னோட்டம் அன்றைக்கே வந்துவிட்டது. ஒரு திகில் கணினி விளையாட்டும் அறிவிக்கப்பட்டது. இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு இயல்பாக வந்த கேள்வி: அப்படியானால் மிக்கி படம் போட்ட டி-ஷர்ட்டை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாமா? குழந்தைகள் பள்ளி தொடங்குபவர் சுவரில் மிக்கியை வரையலாமா? யூடியூபில் போட்டுக் காசு பார்க்கலாமா?

சுருக்கமான பதில் இது. மிக்கி என்ற முழுப் பாத்திரமும் விடுபட்டுவிடவில்லை. 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் பதிப்புரிமைக் காலம் அமெரிக்காவில் முடிந்திருக்கிறது. அந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும்தான் அன்றைக்குப் பொதுவாயின. எனவே எது பொது, எது பொது இல்லை என்று தெரிய வேண்டுமானால் முதலில் படத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மொத்தமே எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவுதான்.

படத்தில் என்ன நடக்கிறது

ஆற்றில் ஒரு நீராவிப் படகு வருகிறது. சுக்கானைப் பிடித்தபடி, இடுப்பை ஆட்டிக்கொண்டு, சீழ்க்கை அடிக்கிறது ஒரு எலி. தலையில் தொப்பி, இரண்டு பொத்தான் வைத்த அரைக்கால் சட்டை, பெரிய காலணி. கண்கள் வெறும் கறுப்புப் பொட்டு. கையில் கையுறை இல்லை. இந்தக் கையுறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த மிக்கி பொது என்ற கணக்கில் அது பிறகு வரும்.

படகின் தலைவன் மிக்கி அல்ல. பீட் என்ற தடித்த பூனைதான் தலைவன். மிக்கியைச் சுக்கானிலிருந்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டு, புகையிலையை மென்று துப்புகிறான். எச்சில் காற்றில் திரும்பி வந்து மணியில் பட்டு 'டிங்' என்கிறது. அடடா, நன்றாக இருக்கிறதே என்று மறுபடியும் துப்புகிறான். இந்த முறை அது அவன் முகத்திலேயே விழுகிறது.

அடுத்து ஒரு சின்னத் துறையில் படகு நின்று மாடு, ஆடு எல்லாம் ஏற்றுகிறார்கள். பசுமாடு ஒல்லியாக இருப்பதால் தூக்கும் பட்டையில் நிற்காமல் நழுவுகிறது. மிக்கி வைக்கோலை அதன் வாயில் திணிக்க, வயிறு சட்டென்று உப்பி, பட்டை இறுகிக்கொள்கிறது. நேரம் கழித்து ஓடி வரும் மின்னியைப் பாரம் தூக்கும் கொக்கியால் உள்ளாடையோடு மாட்டித் தூக்கி ஏற்றுகிறான். அவள் கொண்டுவந்த இசைத்தாளையும் தந்தி வாத்தியத்தையும் ஆடு தின்றுவிடுகிறது. சரி, வீணாகப் போக வேண்டாம் என்று ஆட்டின் வாலைப் பழைய கிராமபோன் கைப்பிடிபோலச் சுற்றுகிறார்கள். ஆட்டின் வாயிலிருந்து பாட்டு வருகிறது.

இதற்குப் பிறகு படம் முழுக்கக் கச்சேரிதான். பானை, சட்டி, துணி துவைக்கும் பலகை எல்லாம் தாளம். பூனையின் வாலை இழுத்தால் ஒரு சுரம். வாத்தைப் பிழிந்தால் வேறொன்று. பால் குடிக்கும் பன்றிக்குட்டிகளின் வாலை ஒவ்வொன்றாக இழுத்து வாசித்துவிட்டு, தாய்ப்பன்றியையே ஆர்மோனியம்போலத் தூக்கி அமுக்குகிறான். கடைசியில் மாட்டின் பற்களில் கம்பால் தட்டி வாசிப்பு. பிற்காலத்தில் தொலைக்காட்சியில் போட்டபோது இந்தப் பன்றிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். இன்றைக்குக் குழந்தைகளைப் பார்த்துக் கையாட்டும் நல்லபிள்ளை மிக்கியைத் தேடி இந்தப் படத்துக்கு வருபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இவன் ஒரு வாலுப் பயல். ஈவிரக்கம் பார்க்க மாட்டான்.

முடிவில் பீட் வந்து அவனை உருளைக்கிழங்கு உரிக்க அனுப்புகிறான். கிளி ஒன்று கேலி செய்ய, மிக்கி ஒரு கிழங்கை விட்டெறிகிறான். கிளி ஆற்றில் விழுந்து கத்துகிறது. மிக்கி சிரிக்கிறான். படம் முடிகிறது. கவனித்தால், பேசுவது கிளி மட்டும்தான். மிக்கி சீழ்க்கை அடிக்கிறான், சிரிக்கிறான், கீச்சிடுகிறான், ஒரு சொல் பேசுவதில்லை.

முயல் போய் எலி வந்தது

வால்ட் டிஸ்னியும் அவருடைய முதன்மை ஓவியர் அப் ஐவெர்க்ஸும் 1927-இல் 'ஆஸ்வால்ட்' என்ற முயலை வைத்துப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யூனிவர்சல் நிறுவனம் அவற்றை வெளியிட்டது. இடையில் தயாரிப்பாளராக நின்றவர் சார்ல்ஸ் மின்ட்ஸ். 1928 தொடக்கத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நியூயார்க் போன டிஸ்னிக்கு அதிர்ச்சி. பணத்தைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கிறார்கள். தன்னிடம் வேலை பார்த்த ஓவியர்களில் பெரும்பாலோரை மின்ட்ஸ் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, முயலின் உரிமை டிஸ்னியிடம் இல்லை, யூனிவர்சலிடம் இருந்தது. வரைந்தவர்கள் இவர்கள், உரிமை அவர்களிடம்.

இதற்கு மாற்றாகப் பிறந்ததுதான் எலி. காதை நீட்டினால் முயல், வட்டமாக்கினால் எலி என்று சொல்லும் அளவுக்கு இரண்டும் ஒரே அச்சு. ஐவெர்க்ஸ் ஏறக்குறைய ஒற்றை ஆளாக வரைந்த முதல் மிக்கி படம் 'பிளேன் கிரேஸி'. 1928 மே மாதம் சோதனைக் காட்சியாகப் போட்டுப் பார்த்தார்கள், வாங்க ஆள் வரவில்லை. இரண்டாவது 'தி காலப்பின் காச்சோ'. அதற்கும் அதே கதி. இரண்டும் ஊமைப் படங்கள். 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வந்ததிலிருந்து திரையுலகம் பேசும் படத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவதாக எடுத்த 'ஸ்டீம்போட் வில்லி'யில் சத்தத்தைச் சேர்த்தே தீர்வது என்று டிஸ்னி முடிவெடுத்தார்.

1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி திரையரங்கில், முதன்மைப் படத்துக்கு முன்னோடியாக இது திரையிடப்பட்டது. முதலில் எடுத்தது வேறு படமாக இருந்தாலும் மிக்கியின் 'பிறந்தநாள்' என்று அந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள்.

சத்தமும் படமும் எப்படி ஒட்டின

"உலகின் முதல் ஒலியுள்ள கார்ட்டூன்" என்று இதைப் பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. ஃபிளைஷர் சகோதரர்கள் 1924-லேயே ஒலியோடு பாட்டுக் கார்ட்டூன்கள் எடுத்தார்கள். பால் டெர்ரியின் 'டின்னர் டைம்' இதற்குச் சில வாரங்கள் முன்பே வந்துவிட்டது. அப்படியானால் 'ஸ்டீம்போட் வில்லி' எதில் வேறுபட்டது? மற்றவற்றில் ஒலி படத்தின் மேல் பூசப்பட்டது. இதில் ஒவ்வொரு அசைவும் தாளத்துக்குக் கணக்குப் பார்த்து வரையப்பட்டது. கணக்கு எளிமையானதுதான்:

1. ஒலிப்படம் நொடிக்கு 24 சட்டம் ஓடும். சட்டம் என்றால் ஒரு தனிப் படம்.

2. பாட்டு நொடிக்கு இரண்டு தட்டு என்றால், ஒரு தட்டுக்கு 12 சட்டம் என்று ஆகிறது. பாதித் தட்டுக்கு 6.

3. அப்படியானால் ஓவியரிடம் "இங்கே பூனை கத்த வேண்டும்" என்று சொல்லத் தேவையில்லை. "இத்தனையாவது சட்டத்தில் வாலை இழு" என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

இந்தக் கணக்கைப் பிடிக்க உதவியவர் வில்ஃப்ரட் ஜாக்சன் என்ற இளைஞர். இசை தெரிந்த வீட்டுப் பிள்ளை. இசை பழகுபவர்கள் வைத்திருக்கும் 'டக் டக்' என்று அடிக்கும் தாளக் கருவியை வைத்துப் படத்தின் வேகத்தையும் பாட்டின் வேகத்தையும் ஒன்றாக்கினார். படம் பாதி முடிந்த நிலையில் ஸ்டுடியோவிலேயே ஒரு சோதனை நடந்தது. இரைச்சல் உள்ளே வராமல் இருக்கப் படம் காட்டும் கருவியைச் சன்னலுக்கு வெளியே வைத்து வால்ட்டின் அண்ணன் ராய் ஓட்டினார். திரைக்குப் பின்னால் ஜாக்சன் வாய் ஆர்மோனியம் வாசிக்க, மற்றவர்கள் பானை சட்டிகளைத் தட்டினார்கள். பார்வையாளர்கள் இவர்களுடைய மனைவிமார்தான். படத்திலிருந்தே சத்தம் வருவதுபோலத் தோன்றுகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். தோன்றியது.

நிஜமான ஒலிப்பதிவு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. 1928 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு வாத்தியக் குழுவை அமர்த்திய முதல் பதிவு சொதப்பியது. நடத்துநரால் படத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பணம் கரைந்தது. டிஸ்னி தன் காரை விற்கச் சொன்னார். இரண்டாம் முறை, ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் ஒரு பந்து குதிப்பதுபோல அடையாளம் போட்டு, அதைப் பார்த்து நடத்தச் சொன்னார்கள். அது சரியாக வந்தது. ஒலிப்பதிவுக் கருவி பாட் பவர்ஸ் என்பவரின் 'சினிஃபோன்'. இந்தப் பெயரும் படத்தின் தலைப்பு அட்டையில் இருக்கிறது. அது கிளப்பிய சிக்கல் பின்னால் வருகிறது.

காப்புரிமையா, பதிப்புரிமையா?

நம் செய்திகளில் பாதிக் குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள். மூன்று வெவ்வேறு உரிமைகள் இருக்கின்றன.

1. காப்புரிமை: கண்டுபிடிப்புக்குத் தருவது. பேட்டன்ட் என்போமே, அது. மிக்கி விஷயத்தில் இதற்கு வேலையே இல்லை.

2. பதிப்புரிமை: எழுத்து, ஓவியம், இசை, திரைப்படம் ஆகியவற்றுக்குத் தருவது. காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் படைப்பு பொதுச்சொத்து. யாரும் அனுமதி கேட்காமல், பணம் கட்டாமல் நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம்.

3. வணிகச்சின்னம்: இந்தப் பொருள் யாரிடமிருந்து வருகிறது என்று வாங்குபவருக்குக் காட்டும் அடையாளம். டிரேட்மார்க். இதற்குக் கெடு கிடையாது. பயன்படுத்திக்கொண்டும் புதுப்பித்துக்கொண்டும் இருக்கும்வரை நிலைக்கும்.

இன்னொரு சொல்லையும் இதோடு குழப்பிக்கொள்கிறோம், நாட்டுடைமை. பாரதியின் படைப்புகளை 1949-இல் சென்னை அரசு பொதுவாக்கியதுபோல, அரசே தலையிட்டு உரிமையை வாங்கித் திறந்துவிடுவது நாட்டுடைமை. 'ஸ்டீம்போட் வில்லி'யை யாரும் வாங்கித் திறந்துவிடவில்லை. நாள் எண்ணி முடிந்தது, அவ்வளவுதான்.

56, 75, 95: நாள் எப்படி நீண்டது

படம் வந்தபோது அமெரிக்காவில் நடைமுறையில் இருந்தது 1909-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி முதலில் 28 ஆண்டு. புதுப்பித்தால் இன்னொரு 28. ஆக 56. 'ஸ்டீம்போட் வில்லி' 1984-இல் பொதுவாகியிருக்க வேண்டும்.

1976-இல் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். பழைய படைப்புகளுக்கு மொத்தம் 75 ஆண்டு. கெடு 2003 கடைசிக்குப் போனது.

1998-இல் மேலும் 20 ஆண்டு சேர்த்தார்கள். 95 ஆனது. கெடு 2023 டிசம்பர் 31. மறைந்த நாடாளுமன்ற உறுப்பினர் சன்னி போனோவின் பெயர் தாங்கிய அந்தச் சட்டத்துக்கு ஊரார் வைத்த பெயர் 'மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்'. அதன் விளைவு மிக்கியோடு நிற்கவில்லை. 1923-இல் வெளியானவை 1999-இல் பொதுவாக வேண்டியவை. அவை 2019 வரை காத்திருந்தன. இடையில் இருபது ஆண்டுகள், வெளியான ஆண்டுக் கணக்கில் ஒரு புத்தகமும் ஒரு படமும் பொதுவெளிக்கு வரவில்லை. இந்த நீட்டிப்பு அரசியலமைப்புக்கு முரண் என்று தொடுத்த வழக்கை 2003-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தள்ளியது.

டிஸ்னி ஒரு நிறுவனமே சட்டத்தை வளைத்தது என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, பாதிதான் உண்மை. அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் முயன்றதில் சந்தேகமில்லை. ஆனால் இசைப் பதிப்பாளர்களும் பாடலாசிரியர்களின் வாரிசுகளும் அதே வரிசையில் நின்றார்கள். ஐரோப்பா 1993-லேயே 'ஆசிரியர் இறந்து 70 ஆண்டு' என்று உயர்த்தியிருந்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தது. நம் ஊரிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 50 ஆண்டு முடிந்து பொதுவாகவிருந்த நேரத்தில், 1992-இல் இந்தியச் சட்டம் 60 ஆண்டு என்று மாறியது.

இனி அந்தத் தலைப்பு அட்டை. அதில் டிஸ்னி கார்ட்டூன்ஸ், அப் ஐவெர்க்ஸ், பவர்ஸ் சினிஃபோன் என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. உரிமையாளர் யார் என்பதைச் சரியான முறையில் அறிவித்திருக்க வேண்டும் என்பது 1909 சட்டத்தின் விதி. மூன்று பெயரில் யார் என்று தெளிவாக இல்லாததால் இந்தப் படத்துக்கு ஆரம்பத்திலிருந்தே பதிப்புரிமை செல்லாது என்று சில சட்ட ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். நீதிமன்றம்வரை போய்த் தீர்ப்பானதில்லை. கெடு முடிந்துவிட்டதால் இனி அந்த வாதத்துக்குப் பயனும் இல்லை.

எந்த மிக்கி பொது?

பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை விதி ஒன்று: பழைய படைப்பின் மேல் பின்னால் ஒருவர் புதிதாகச் சேர்த்த கூறுகளுக்குத் தனி உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை, சேர்த்த கூறுகளுக்கு மட்டும்தான். பழையதைத் திரும்பப் பூட்ட அதைப் பயன்படுத்த முடியாது. 2014-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஷெர்லாக் ஹோம்ஸ் விஷயத்தில் இதைத்தான் சொன்னது. கடைசிச் சில கதைகள் இன்னும் பாதுகாப்பில் இருப்பதைக் காட்டி, பழைய கதைகளில் வந்த ஹோம்ஸைக் கட்டிவைக்க முடியாது என்றது.

கரடிப் பொம்மை வின்னி த பூவையும் சொல்லலாம். 1926-இல் வந்த புத்தகம் 2022-இல் பொதுவானது. அடுத்த ஆண்டே அதை வைத்து ஒரு திகில் படம் வந்தது. ஆனால் அந்தப் படத்துக் கரடிக்குச் சிவப்புச் சட்டை போடவில்லை. சட்டை பிற்காலச் சேர்க்கை, புத்தகத்தில் இல்லை.

மிக்கிக்கு அதே முறையில் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

1. கறுப்புப் பொட்டுக் கண், நீண்ட வால், கையுறை இல்லாத கை, தொப்பி, சுக்கான், சீழ்க்கை: 1928. 2024 முதல் பொது. மின்னியும் இதே படத்தில் இருப்பதால் இந்த வடிவ மின்னியும் பொது.

2. பீட்: இவன் மிக்கிக்கும் மூத்தவன். 1925-லேயே டிஸ்னியின் வேறு படங்களில் வந்துவிட்டான்.

3. கையுறை: முதலில் போட்டது 1929-இல் வந்த 'தி ஆப்ரி ஹவுஸ்' படத்தில். 2025 முதல் பொது.

4. பேச்சு: மிக்கி முதலில் வாய் திறந்தது அதே 1929-இல், 'தி கார்னிவல் கிட்' படத்தில். தொத்திறைச்சி விற்கும் கூவல்தான் முதல் வசனம். இதுவும் 2025-இல் வந்துவிட்டது.

5. வண்ணம்: 1935-இல் 'தி பேண்ட் கான்சர்ட்'. இந்தப் படம் 2031 ஜனவரியில்தான் வரும்.

6. கூம்புத் தொப்பி போட்ட மந்திரவாதி மிக்கி: 1940-இல் 'ஃபேன்டாசியா'. 2036.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டாலும் ஓரங்களில் தகராறு இருக்கும். சிவப்புக் கால்சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கறுப்பு வெள்ளை உருவத்துக்குச் சிவப்புப் பூசுவது மட்டும் தனிப் படைப்பு ஆகுமா என்று கேட்டால் வழக்கறிஞர்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். கையில் நல்ல வழக்கறிஞர் இல்லாதவர் அந்த ஓரத்துக்குப் போகாமல் இருப்பது உத்தமம். கண்ணில் வெள்ளை விழி, முகத்தில் இன்றைய புன்னகை, குழந்தைபோன்ற பெரிய தலை எல்லாம் பிற்காலத்தவை. இணையத்தில் 'மிக்கி' என்று தேடினால் முதலில் வரும் படம் எதுவோ, அது பெரும்பாலும் பொது அல்ல.

கெடு இல்லாத வேலி

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். பதிப்புரிமை போய்விட்டது, சரி. 'மிக்கி மவுஸ்' என்ற பெயரும் உருவமும் டிஸ்னியின் வணிகச்சின்னங்கள் என்பது போகவில்லை. 2007 முதல் டிஸ்னியின் கார்ட்டூன் ஸ்டுடியோ தன் படங்களின் தொடக்கத்தில் இலச்சினையாகக் காட்டுவது எதை? சுக்கான் பிடித்துச் சீழ்க்கை அடிக்கும் அதே காட்சியை. கெடு நெருங்குவது தெரிந்தே செய்தார்களா என்று கேட்டால், என் அனுமானம் 'ஆமாம்' பக்கம்தான் சாய்கிறது.

இரண்டு உரிமைகளும் மோதினால் என்ன ஆகும்? 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'டாஸ்டார்' வழக்கில் ஒரு எல்லை போட்டது. பதிப்புரிமை முடிந்த படைப்பை வணிகச்சின்னச் சட்டத்தின் வழியாக மறுபடி பூட்ட முடியாது. ஆகவே அந்தப் படத்தைத் திரையிடுவதையோ, அதை வைத்துப் புதுக் கதை பண்ணுவதையோ வணிகச்சின்னத்தைக் காட்டித் தடுக்க முடியாது. ஆனால் வாங்குபவர் "இது டிஸ்னி தயாரிப்பு" என்று நம்பிவிடும்படி விற்றால், அங்கே வணிகச்சின்னச் சட்டம் பிடிக்கும்.

டி-ஷர்ட் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. 1928 படத்தின் ஒரு காட்சியை நெஞ்சு முழுக்க அலங்காரமாக அச்சடிப்பது ஒன்று. கழுத்துப் பட்டியில் நிறுவனச் சின்னம்போலச் சின்ன மிக்கி தலையைத் தைத்து, 'மிக்கி கலெக்ஷன்' என்று பெயர் வைப்பது வேறு. இரண்டாவது நேராக வழக்கில் கொண்டுபோய் விடும். 2025 ஜூலையில் ஒரு நகை நிறுவனத்தின் மேல் டிஸ்னி வழக்குப் போட்டது. அந்தக் கடை 1928 மிக்கி என்ற பெயரில் மோதிரமும் சங்கிலியும் விற்றது, வாங்குபவர்கள் டிஸ்னியின் அனுமதி பெற்ற பொருள் என்று நினைக்கும்படி விளம்பரம் செய்தது என்பது குற்றச்சாட்டு.

திகில் படம் எடுத்தவர்கள் விளம்பரத்திலேயே 'இதற்கும் டிஸ்னிக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதுவது இதனால்தான். ரத்தம் தெறிக்கும் படத்தை டிஸ்னி எடுத்ததாக யாரும் நம்பப்போவதில்லை என்பது அவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு. குழந்தைகள் பள்ளிச் சுவர்தான் உண்மையில் வம்பான இடம். அங்கே வரையப்படுவது பெரும்பாலும் கையுறையும் சிவப்புக் கால்சட்டையும் வெள்ளை விழியும் உள்ள இன்றைய மிக்கி. பார்ப்பவருக்கு டிஸ்னியோடு ஏதோ தொடர்பு இருப்பதுபோலவும் தோன்றும்.

இந்தியாவிலிருந்து பார்த்தால்

மேலே சொன்ன 95 ஆண்டு அமெரிக்கக் கணக்கு. ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்துக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. திரைப்படம் என்ற அளவில் பார்த்தால் 1928 படத்தின் கெடு இங்கே எப்போதோ தீர்ந்துவிட்டது.

ஆனால் படம் என்பது ஆயிரக்கணக்கான ஓவியங்களின் தொகுப்பும்கூட. ஓவியத்துக்கு இங்கே கணக்கு வேறு: வரைந்தவரின் ஆயுள், அதற்குமேல் 60 ஆண்டு. டிஸ்னி இறந்தது 1966 டிசம்பரில். ஐவெர்க்ஸ் 1971-இல். பாத்திர ஓவியத்தைத் தனிப் படைப்பாக எடுத்துக்கொண்டு ஐவெர்க்ஸை வைத்து எண்ணினால் 2031 கடைசிவரை போகிறது. இப்படி வாதிட முடியும் என்கிறேன், இதுதான் முடிவு என்று அல்ல. படத்தை அப்படியே காட்டுவதில் ஆபத்து குறைவு, உருவத்தைப் பிய்த்து எடுத்து வியாபாரம் செய்வதில் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

யூடியூபில் போடுபவர்களுக்குச் சட்டத்துக்கு முன்னால் இயந்திரத்தோடு ஒரு சண்டை இருக்கிறது. பதிவேற்றும் ஒவ்வொரு காணொளியையும் உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் படங்களோடு தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் அமைப்பு அது. அதற்குக் காலண்டர் தெரியாது. 2024 ஜனவரி முதல் வாரத்திலேயே, 'ஸ்டீம்போட் வில்லி'க்குத் தன் குரலில் ஒலி சேர்த்துப் போட்ட ஒருவரின் காணொளிக்கு டிஸ்னி பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து, வருமானம் நிறுத்தப்பட்டது. அவர் ஆட்சேபித்ததும் கோரிக்கை விலக்கப்பட்டது. எனவே போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது:

1. பழைய கறுப்பு வெள்ளைப் பிரதியையே எடுங்கள். யாரோ பின்னால் வண்ணம் பூசியதோ புது இசை சேர்த்ததோ அவர்களுக்குச் சொந்தமாக இருக்கலாம்.

2. தலைப்பிலும் முகப்புப் படத்திலும் டிஸ்னியின் சின்னம், எழுத்து வடிவம் வேண்டாம்.

3. கோரிக்கை வந்தால் பதறி அழிக்க வேண்டாம். படத்தின் பெயர், வெளியான ஆண்டு, கெடு முடிந்த நாள் மூன்றையும் எழுதி ஆட்சேபம் அனுப்புங்கள்.

கடன் வாங்கிய படகு

இவ்வளவு வேலி போட்டுக் காக்கப்பட்ட இந்தப் படத்தில் டிஸ்னியின் சொந்தச் சரக்கு எவ்வளவு என்று பார்ப்பதும் சுவாரசியம்தான். தலைப்பு, அதே 1928-இல் சில மாதங்கள் முன்பு வந்த பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில், ஜூனியர்' படத்தைக் கிண்டல் செய்கிறது. மிக்கி அடிக்கும் சீழ்க்கை 1910-இல் வந்த 'ஸ்டீம்போட் பில்' பாட்டு. ஆட்டின் வாயிலிருந்து வருவது 'டர்க்கி இன் த ஸ்ட்ரா', 19-ஆம் நூற்றாண்டு நாட்டுப்புற மெட்டு. அதற்கு அப்போதே உரிமையாளர் கிடையாது. பொதுவில் கிடந்ததை எடுத்து அதற்கு மாட்டுப் பல்லைத் தாளமாக்கியதுதான் அந்த எட்டு நிமிடத்தின் சாமர்த்தியம்.

அப்புறம் அந்த முயல். 1928-இல் யூனிவர்சலிடம் போன ஆஸ்வால்டை டிஸ்னி நிறுவனம் 2006-இல் திரும்ப வாங்கியது. பணம் கொடுத்து அல்ல, ஆளைக் கொடுத்து. தன் தொலைக்காட்சியில் இருந்த அல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளரை யூனிவர்சலின் கூட்டு நிறுவனமான என்பிசிக்கு விடுவித்தது. பதிலுக்கு வந்தவற்றில் முயலின் உரிமையும் ஒன்று. 1927-இல் வந்த முதல் ஆஸ்வால்ட் படங்கள் 2023 ஜனவரி 1 அன்றே, மிக்கிக்குச் சரியாக ஓராண்டு முன்பு, பொதுச்சொத்தாகிவிட்டன. அதற்காக உலகம் முழுக்க ஒரு செய்தியும் ஓடவில்லை.